உதிர்க்கப் பிறந்த வாயு

வாழைத்தாரைக் குழியில் இறக்கி மூட்டம் போட்டவர்களுக்கு இந்த ஆசாமியைத் தெரியும், பெயர்தான் தெரிந்திருக்காது. புகையோடு புகையாக வந்து காயைப் பழமாக்குகிற எத்திலீன்.

ஊருக்குள் அது வந்ததே கெட்ட பெயரோடுதான். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தெருவிளக்குக்கு நிலக்கரி வாயு போன குழாய் கசிந்த இடமெல்லாம் சாலையோர மரங்கள் இலையைக் கொட்டின. அந்தக் கலவைக்குள் குற்றவாளி யார் என்று 1901-இல் பிடித்துக் கொடுத்தவர் ரஷ்யாவின் திமித்ரி நெல்யுபோவ். ஆய்வகக் காற்றில் பட்டாணி முளைகள் நிமிராமல் படுத்தே வளர்ந்ததுதான் அவருக்குக் கிடைத்த துப்பு.

கலிபோர்னியாவில் அதே வாயு பெயரில்லாமல் கூலிவேலை பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை எலுமிச்சையை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் அடைத்து மஞ்சளாக்குவார்கள். சூடுதான் காரணம் என்று நம்பி, புகையில்லாத சூடேற்றிகளுக்கு மாறினார்கள். காய் பச்சையாகவே கிடந்தது. அடுப்புப் புகையில் இருந்த எத்திலீன்தான் நிறம் மாற்றியது என்று ஃபிராங்க் டென்னி 1924-இல் காட்டினார்.

அறைக்குள் வாயுவை அடைக்கலாம். திறந்த தோப்பில்? அதற்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது. சோவியத் வேதியியலாளர்கள் 1946-இல் செய்த எத்தஃபான் அந்தப் போர்வை. பின்னாளில் அது எத்ரல் என்ற பெயரில் கடைக்கு வந்தது. புளிப்பான கரைசலில் அடங்கிக் கிடக்கும். புளிப்புக் குறைந்த இலைக்குள் புகுந்ததும் சிதைந்து எத்திலீனை அவிழ்த்துவிடும். காரத் தண்ணீரில் கலந்துவைத்தால் தொட்டியிலேயே வீணாகும்.

ஆஸ்திரேலியாவின் இம்பீரியல் மாண்டரின் என்ற கமலா ஆரஞ்சு மரத்துக்கு அது தேவைப்பட்டது. ஒரு வருஷம் கிளை முறியக் காய்க்கும். பழமோ விலை போகாத பொடி. மறு வருஷம் வெறும் தழை. காய்ச் சுமை மரத்தின் சத்தை உறிஞ்சுவதோடு அடுத்த பூவையும் தடுத்துவிடும். நூறு பூவில் ஒன்றிரண்டுதான் எப்படியும் பழமாகிறது என்றாலும், அந்த மரத்துக்கு அதுவே அதிகம்.

ஆகவே இயற்கையாகக் கொட்டுவது ஓய்ந்ததும், கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகள்மேல் எத்தஃபானைத் தெளிக்கிறார்கள். காம்புக்கும் காய்க்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. எத்திலீன் பட்டதும் அதன் செல்கள் பிடி விடுகின்றன. சில நாளில் மரத்தடி பச்சைப் பிஞ்சாய் நிறைந்துவிடும். தன் காயைத் தானே மருந்தடித்துக் கொட்டுவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்தான். வெயில் கொதிக்கும் நாளில் அதே அளவைத் தெளித்தால் வேண்டிய காயும் போகும், இலையும் போகும். குளிர்ந்த நாளில் ஒன்றுமே நடக்காது.

கொத்துக் கொத்தாக மிஞ்சியதைக் கிள்ள அங்கே இன்றைக்கும் ஆள்தான் இறங்குகிறார்.