அமீபாவா, தவளையா?

அக்கா பொண்ணு விலங்கியல் முதல் வருஷம் சேர்ந்திருக்கா. போன வாரம் பாடத்திட்டத் தாளை நீட்டி, "என்ன மாமா, அமீபா, கடற்பஞ்சு, புழுன்னே போகுது. நம்ம பக்கம் எப்ப வருவாங்க? பேசாம வேற குரூப்புக்கு மாறிடவா?"ன்னு கேட்டா. பகீர்னுச்சு. நானும் இதே வரிசையில படிச்சவன்தான். என்கூட சேர்ந்த ஒருத்தன் முதல் வருஷமே அலுத்துப்போய் படிப்பையே விட்டுட்டான்.

இந்த வரிசைச் சண்டை ரொம்பப் பழசு மக்களே. 1870-களின் தொடக்கத்தில் லண்டன் சௌத் கென்சிங்டன்ல தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு உயிரியல் வகுப்பு தொடங்கினார். காலையில் விரிவுரை, கேட்டதை அன்னைக்கே ஆய்வகத்தில் சொந்தக் கையால் அறுத்துப் பார்க்கணும். எல்லா உயிரையும் படிக்க நேரமேது? வகைக்கு ஒண்ணுன்னு சிலதை மட்டும் பொறுக்கி எடுத்தார். அந்த வகுப்பிலிருந்து பிறந்ததுதான் மார்ட்டினோடு சேர்ந்து அவர் 1875-ல் வெளியிட்ட செய்முறைப் புத்தகம். ஈஸ்ட்டில் ஆரம்பித்து அமீபா, பெரணி, அவரை, மட்டி என்று ஏறி, கடைசியில்தான் தவளை.

எளியதிலிருந்து சிக்கலானதுக்கு. டார்வினுக்காக மேடை மேடையாய் மல்லுக்கட்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை இருக்க முடியாதுதான். ஆனா மாணவனுக்கு? நுண்ணோக்கியையே அன்னைக்குத்தான் தொடுறான். அதுக்குள்ள தெரியிறதோ கையும் காலும் இல்லாத ஒரு சொட்டு. தவளைன்னா இதயம், எலும்பு, குடல்னு தன் உடம்புல இருக்கிறதாவது இருக்கும்.

ரெண்டு மூணு வருஷம் நடத்திப் பார்த்த ஹக்ஸ்லி வகுப்பில் வரிசையைத் தலைகீழாக்கிட்டார். தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போவதே மாணவர்களுக்குச் சுலபம் என்பது அவர் கண்ட முடிவு. ஹோவ்ஸும் ஸ்காட்டும் திருத்திய 1888 பதிப்பில் தவளை முதல் அத்தியாயத்துக்குத் தாவிடுச்சு :-)

1884-ல் அவர்கிட்ட உயிரியல் படிக்க வந்த ஒரு பையன், பின்னாளில் 1893-ல் தானே ஒரு உயிரியல் பாடநூல் எழுதினான். முதல் பாகமே முதுகெலும்பிகள், தொடக்கம் முயல். பையன் பேரு எச்.ஜி.வெல்ஸ். ஆமா, கால இயந்திரக் கதை எழுதின அதே வெல்ஸ்தான்.

அதுக்காக அமீபாவில் ஆரம்பிக்கிறது தப்புன்னு சொல்ல வரலை. பரிணாமத்தைச் சொல்ல அது நல்ல வரிசை. ஆனா உயிர்கள் வந்த வரிசையிலதான் மனசுக்குள்ளயும் பாடம் ஏறணும்னு கட்டாயமில்லை. எனக்குப் பிடிச்சது, தான் போட்ட திட்டத்தைத் தானே மாத்த ஹக்ஸ்லி கூச்சப்படலைங்கிறதுதான்.

பொண்ணுகிட்ட, "தாளை நாம மாத்த முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கு முன்னாடியும் அது நம்ம உடம்புல எங்கே இருக்குன்னு தேடிப் பாரு. ரத்தத்துல இருக்கிற வெள்ளையணு அமீபா மாதிரியே ஊர்ந்து போய்க் கிருமியை விழுங்கும்"னேன்.

"நெஜமாவா?"ன்னு கேட்டவ, குரூப் மாத்துற பேச்சை இந்த வாரம் எடுக்கலை. அடுத்த வாரம் கடற்பஞ்சு. அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். உயிரியல் நடத்துற நண்பர்கள் யாராச்சும் கைகொடுங்களேன்!