வன்தட்டு இடமாற்றம்

பழைய கணினியின் வன்தட்டை, அதிலுள்ள இயங்குதளத்தோடு கழற்றிப் புதிய கணினியில் பொருத்தி இயக்குதல். திருகு கழற்றுவது சில நிமிட வேலை, சிக்கல் அதன்பிறகுதான். 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் இம்முயற்சி பல வேளை ஒரே மாதிரி முடிந்தது: விண்டோஸ் சின்னம் ஒரு கணம் தோன்றும், நீலத்திரை மின்னும், கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதிய மதர்போர்டின் வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுக்குரிய டிரைவர் இல்லாவிட்டால், தான் குடியிருக்கும் வட்டையே இயங்குதளத்தால் படிக்க இயலாது. கணினியின் தொடக்க நிரலான பயாஸில், சாட்டா வட்டு இணைப்பின் முறையை ஏஹெச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மாற்றினால் சில வேளை உயிர்பெறும்.

விண்டோஸ் 10 புதிய வன்பொருளைப் பெரும்பாலும் தானே அறிந்துகொள்ளும். லினக்ஸ் பொதுவாக முணுமுணுக்காமல் எழுந்துவிடும். ஆனால் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த தட்டிலுள்ள விண்டோஸ், பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள கணினியில் பூட் ஆகாது; முதலில் தட்டை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு தடை உரிமம். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கே உரியது. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம்.

கோப்புகள் மட்டும் போதுமென்றால் இத்தனை பாடு தேவையில்லை. பழைய தட்டை யூஎஸ்பி உறையில் இட்டு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.