ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6 முதல் 1761 வரை, இடையிடையே விட்டாலும், தமிழில் தினப்படி எழுதி வந்தார். புதுச்சேரி குவர்னர் துப்ளெக்ஸ் காலத்து வரலாற்றுக்கு ஆதாரமாகவே இந்த ஏடு பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. அதைவிட அருமையானது அதில் பதிவாகியிருக்கும் மனநிலை. சாவு, கல்யாணம், சரக்கு, போர் வதந்தி, குவர்னரின் முகக்கோணல் எல்லாம் ஒரே மூச்சில் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன.

பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளையைப் புதுச்சேரிக்கு அழைத்தவர் அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை. இந்த நைனியப்பர் அங்கே கும்பினியின் தலைமைத் தரகராக இருந்தார். 1716இல் குவர்னர் ஏபேர் அவரைச் சிறையிலிட்டார். மறு ஆண்டே அவர் சிறையில் இறந்தார். குவர்னர் மனம் மாறினால் ஒரு தமிழ்க் குடும்பம் என்ன ஆகும் என்பதை இந்த வீடு அனுபவத்தில் அறிந்திருந்தது. ஏடு முழுவதும் குவர்னர் சொன்ன சொல், சொன்ன தொனி, அப்போது அருகிலிருந்தவர் யார் என்பதெல்லாம் இத்தனை நுணுக்கமாகக் குறிக்கப்பட்டிருப்பதற்கு இந்த அனுபவமும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

எழுதும் முறையில் வியாபாரியின் கை தெரிகிறது. தமிழ் வருஷம், மாதம், கிழமையோடு ஐரோப்பியத் தேதியும் வரும். துறைக்கு வந்த கப்பல், அதற்கு மரியாதையாகப் போட்ட பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கை, சரக்கு, வந்த கடிதம், ஊர்ப்பேச்சு என்று நாள் விரியும். தம் பாக்குக் கிடங்கில் உட்கார்ந்திருக்கையில் காதில் விழுந்த செய்திக்கும் சபையில் நடந்த விவாதத்துக்கும் அதில் சமமான இடம். சோதிட நம்பிக்கையும் கூடவே வரும். ஒருவர் உயர்வதற்கும் தாழ்வதற்கும் கிரகநிலையைக் காரணம் காட்டுவது பிள்ளையின் வழக்கம்.

பிறர் துக்கத்தையும் அவர் கூர்ந்து கவனித்தார். அவருக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்தவர் கிறிஸ்தவரான கனகராய முதலியார். இளம் வயதில் இறந்த ஒரே மகனின் நினைவாக முதலியார் அரியாங்குப்பத்தில் ஒரு கோயில் கட்டி, 1745இல் எல்லாச் சாதியாருக்கும் பெரிய விருந்து வைத்தார், துப்ளெக்ஸும் வந்திருந்தார். விருந்தின் தாராளத்தைப் பிள்ளை மறைக்கவில்லை. ஆயினும் அது கிறிஸ்தவ முறைக்கும் சேராமல் தமிழர் முறைக்கும் சேராமல் நடந்ததாகக் குறை எழுதினார். இருவரும் போட்டியாளர்கள் என்பதை மறக்காமல்தான் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். 1746இல் முதலியார் இறந்ததும் அவருடைய சொத்துக்காக விதவைக்கும் தம்பிக்கும் வழக்கு மூண்டது. அதையும் ஏடு விரிவாகச் சொல்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார். பதிலடியாக 1748 ஆகஸ்டில் பாஸ்கோவனின் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. முற்றுகைக்கு நடுவே, செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சேசு சபையார் நெடுங்காலமாகக் கேட்டு வந்ததை துப்ளெக்ஸ் அனுமதித்தார். அவர் மனைவியின் தூண்டுதலை ஏடு வெளிப்படையாகவே சுட்டுகிறது. முறையிட வந்த நாட்டார்களிடம், அதாவது சாதித் தலைவர்களிடம், தடுக்க முயல்வதைவிட உற்சவ மூர்த்திகளையும் பொருள்களையும் காப்பாற்றிக்கொள்வதே நல்லது என்றார் பிள்ளை. தமிழரிடையே ஒற்றுமை இல்லாததையும் நொந்துகொண்டார். குவர்னரின் நம்பிக்கைக்குரியவர், அந்த ஊரின் பெரிய மனிதர், சைவரும் வைணவரும் தம்மிடம் முறையிடும் நிலையில் இருப்பவர் ஆகிய மூன்று நிலைகளும் இங்கே ஒன்றையொன்று நெருக்குகின்றன. வெளியே சொல்ல முடியாததற்கு ஏடுதான் இடம் கொடுத்தது. முற்றுகை அக்டோபரில் விலகியது. கோயில் பழைய இடத்தில் மீண்டும் எழவில்லை.

1750இல் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டு, பிரெஞ்சுக்காரரின் ஆதரவு பெற்ற முசாபர் ஜங் புதுச்சேரிக்கு வந்தபோது பிள்ளையின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தது. பட்டங்களும் விருதுகளும் வந்தன. 1754இல் துப்ளெக்ஸ் பிரான்சுக்குத் திரும்பிய பின் அந்தச் செல்வாக்கு தேய்ந்தது. பதவி போனது, உடல்நலமும் கெட்டது. பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி காலத்தில் பணமின்மையும் அவமரியாதையும் அச்சமும் ஊரைப் பிடித்திருந்தன. 1760இல் மீண்டும் ஆங்கில முற்றுகை. தானியம் குறைந்தபோது தமிழ்க் குடிகள் பலர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1761 ஜனவரியில், பிரெஞ்சுக்காரர் சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன், பிள்ளை இறந்தார். ஊரை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளியதை அவர் பார்க்கவில்லை.

எழுதும் வழக்கம் அவரோடு முடியவில்லை. குடும்பத்தைச் சேர்ந்த ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரை எழுதினார். முத்துவிஜய திருவேங்கடம் பிள்ளை 1790களில் எழுதினார். குடும்பத்துக்கு வெளியே இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை செல்கிறது. உரைநடை இன்னும் பழக்கமாகாத காலத்தில், பேச்சுத் தமிழுக்கு இத்தனை நெருக்கமான எழுத்து ஓர் ஊரில் இரண்டு தலைமுறைக்கு மேல் நீடித்தது தமிழுக்குப் பெரும் பேறு.

மூல ஏடுகள் 1846இல் கலுவா மொம்பிரேன் என்பவரால் கண்டெடுக்கப்பட்டு, படியெடுக்கப்பட்டன. ஒரு படி பாரீசின் தேசிய நூலகத்தில் உள்ளது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பிரைசும் ரங்காச்சாரியும் தொடங்கியதை டாட்வெல் முடித்தார். தமிழ் மூலம் அச்சாக 1948 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பிறகே பிரபஞ்சன் போன்றோர் அதிலிருந்து நாவல் படைத்தார்கள். பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.