ஒரு நம்பர் வித்தியாசம்

(‘மனிதர்கள் ஏமாறுவதற்குப் பெரிதும் காரணம் ஏமாறுபவரின் ஆசையே! ஏமாற்றுபவரின் திறமையே!’ என்ற தலைப்பில், ‘ஏமாற்றுபவரின் திறமையே’ அணியின் இரண்டாவது பேச்சு)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். “லாட்டரிச் சீட்டைப் பாருங்கய்யா, ஆசைதானே வாங்க வைக்குது, ஆசைதானே ஏமாத்துது” என்றார். நல்லா கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா ஐயா, சீட்டு வாங்குகிறது வேற, சீட்டில் ஏமாறுகிறது வேற. சீட்டு வாங்கியவனுக்குப் பரிசு விழவில்லை என்றால் அவன் ஏமாறவில்லை. அவனுக்கு விழவில்லை, அவ்வளவுதான். (சிரிப்பு) கள்ளச் சீட்டை நல்ல சீட்டு என்று நம்புகிறான் பாருங்கள், அதுதான் ஏமாற்றம். அதற்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி காலம். துறைமுகங்களைப் பழுது பார்க்கப் பணம் வேணும். 4 லட்சம் சீட்டு, சீட்டு ஒன்று 10 ஷில்லிங் என்று அறிவித்தார்கள். 1569-ல் லண்டன் செயின்ட் பால் தேவாலய வாசலில் குலுக்கல். ஜனவரியில் ஆரம்பித்து மே மாதம் வரைக்கும் குலுக்கினார்கள் ஐயா! நம்ம வீட்டில் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கிறதுகூட அதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிடும். (சிரிப்பு) அந்தச் சீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று காட்ட, அவரவர் விரும்பின ஒரு வாசகத்தை எழுதிக் கொடுப்பார்கள். அந்த வாசகம்தான் அடையாளம்.

வாசகத்தை இன்னொருத்தன் கேட்டு வச்சுக்கிட்டா? ‘அது என்னுது’ என்று வந்து நின்னா? இந்தக் கேள்வியிலேயே கள்ளனுக்கும் அரசாங்கத்துக்கும் நடக்கிற ஓட்டப்பந்தயம் ஆரம்பமாகிறது.

18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கண்டுபிடித்த வழி இருக்கே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். சீட்டுகளைப் புத்தகமாக அச்சடித்தார்கள். ஒரே எண் பக்கத்தில் பக்கத்தில் பத்தி பத்தியாக இருக்கும். பத்திகளுக்கு நடுவே கொடி கொடியாகச் சாய்ந்து சுழிந்து போகிற கோலம். சீட்டு விற்கும்போது நேராக வெட்ட மாட்டார்கள். அந்தக் கோலத்தின் நடுவிலேயே வளைத்து வளைத்து வெட்டிக் கொடுப்பார்கள். அடிக்கட்டை ஆபீசில் இருக்கும். பரிசு விழுந்தது என்று வருகிறவர் சீட்டை அடிக்கட்டையோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கோலம் கோலத்தோடு பொருந்தினால் அசல். ஒரு இழை தப்பினால் கள்ளச் சீட்டு. இப்படித்தான் வெட்ட வேண்டும் என்று பாராளுமன்றச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கத்திரிக்கோலை எப்படிப் பிடிக்கணும் என்று சட்டம் போட்ட ஊர் அது!

அது போதாது என்று, லாட்டரிச் சீட்டைக் கள்ளத்தனமாகத் தயாரித்தால் மரண தண்டனை என்றும் எழுதினார்கள். ஏன் ஐயா ஒரு துண்டுக் காகிதத்துக்குத் தூக்குக் கயிறு? ஆசைப்படுகிறவனைப் பார்த்தா பயந்தார்கள்? இல்லை. திறமைசாலியைப் பார்த்துப் பயந்தார்கள். (கைதட்டல்)

சீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று மூச்சு விடும்போது 1775-ல் இன்னொன்று நடந்தது. லண்டன் கில்டுஹாலில் குலுக்கல் சக்கரத்திலிருந்து சீட்டை எடுப்பது நீலக் கோட்டுப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள். பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்பிக்கை. ஒருத்தன் அந்தப் பிள்ளையையே பிடித்துவிட்டான். ஒரு சீட்டை ஒளித்து வைத்து, குறிப்பிட்ட நாளில் சக்கரத்துக்குள் கைவிட்டு எடுத்த மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டான். விஷயம் வெளியே வந்தது. உடனே உத்தரவு. சிறுவர்களின் சட்டைப் பைகளைத் தைத்துவிட வேண்டும். இடது கையை முதுகுப் பக்கம் இடுப்பு வாரில் செருகிக் கொள்ள வேண்டும். வலது கையின் விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டே சக்கரத்துக்குள் விட வேண்டும். சீட்டு அசல், சக்கரம் அசல், கை மட்டும் கள்ளம். அந்தப் பிள்ளைக்கு என்னய்யா ஆசை இருந்திருக்கும்? மிஞ்சிப்போனா மிட்டாய் வாங்கக் காசு.

அங்கே 1826-ல் அரசு லாட்டரியே நின்று போனது. கடலைத் தாண்டி இங்கே வந்தது தனிக்கதை. கல்கத்தா டவுன் ஹாலே லாட்டரிப் பணத்தில் கட்டினதுதான். அதை விட்டுடறேன், நடுவர் மணியைப் பார்க்கிறார்.

நம்ம காலத்துக்கு வருவோம். இந்தியாவில் முதன்முதலாக ஒரு மாநில அரசு லாட்டரித் துறையை ஆரம்பித்தது கேரளத்தில், 1967-ல். நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு அவர்களின் யோசனை. சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல். அதே 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, நம்ம ஊரிலும் அரசு பரிசுச் சீட்டு வந்தது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தலையை ஆட்டுகிறீர்களே, நீங்க எத்தனை சீட்டு வாங்கினீங்க ஐயா? (சிரிப்பு) பின்னாடி வெளிமாநிலச் சீட்டுகள் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை தோரணம் கட்டித் தொங்கினதும், 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கே தடை வந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நடுவில் 1998-ல் மத்திய அரசு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. மாநில அரசுதான் சீட்டை அச்சடிக்கணும், அது அசல் என்று உறுதிப்படும்படி அரசின் பெயரும் முத்திரையும் அதில் இருக்கணும் என்று அதில் ஒரு பிரிவு. அந்த வளைத்து வெட்டின கோலத்துக்குப் பேரப்பிள்ளைதான் இந்தப் பிரிவு. 2006-ல் உச்ச நீதிமன்றம், லாட்டரிச் சீட்டு சரக்கு இல்லை, ஓர் உரிமையைக் காட்டுகிற அத்தாட்சி மட்டும்தான் என்று சொன்னது. அத்தாட்சி என்று வந்துவிட்டாலே, அதை மாதிரி இன்னொன்று செய்யத் தோணும் பாருங்க ஒருத்தனுக்கு!

எப்படிச் செய்கிறான்? பரிசு விழுந்த சீட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுக்கிறான். இல்லை, விழாத சீட்டில் ஒரே ஒரு எண்ணைச் சுரண்டி மாற்றுகிறான். 3 இருந்தால் 8 ஆக்குகிறான். எண் சரியாக இருக்கும், வரிசை எழுத்து வேறாக இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும், குலுக்கல் தேதி போன வாரத்துடையதாக இருக்கும். கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. சுரண்டின இடத்தில் காகிதம் பஞ்சு மாதிரி எழும்பும், விரலால் தடவினால் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து காட்டும். ஜெராக்ஸில் நுண்ணெழுத்து மங்கி ஒன்றோடொன்று அப்பிக் கிடக்கும். பார்கோடை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம். முடிவை வாட்ஸ்அப்பில் பார்க்காமல் அரசிதழில் பார்க்கலாம். நல்ல சீட்டு வாங்கியவரும் வாங்கின உடனே பின்பக்கம் பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். 2023 திருவோணம் பம்பரில் 25 கோடி ரூபாய் நம்ம திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் 4 பேருக்கு விழுந்தது. வாளையாரில் வாங்கின சீட்டு. அந்த ஒரு துண்டுக் காகிதம் கைமாறிப் போயிருந்தால்?

ஆனா ஐயா, இத்தனை சோதனையும் தெரிந்த கள்ளன் 25 கோடிக்குப் போக மாட்டான். பெரிய பரிசுக்கு லாட்டரி அலுவலகத்துக்கோ வங்கிக்கோ போகணும், அங்கே மாட்டிக்குவான். 5,000 ரூபாய் வரைக்கும் உள்ள பரிசை ஏஜெண்டு கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதனால் 1,000, 2,000, 5,000 என்று சின்னச் சின்னதாகச் செய்கிறான். செய்துவிட்டு எங்கே போகிறான்? பெரிய கடைக்குப் போக மாட்டான், அங்கே ஸ்கேன் பண்ணுவார்கள். பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் நடந்து விற்கிறவரிடம் போகிறான். கேரளத்தில் நடந்து சீட்டு விற்கிறவர்களில் எத்தனையோ பேர் மாற்றுத்திறனாளிகள், வயதானவர்கள். பார்வையில்லாதவர்களும் உண்டு. “சேட்டா, இதுக்கு 2,000 விழுந்திருக்கு. 1,000 பணமாக் கொடுங்க, 1,000-க்குப் புதுச் சீட்டு கொடுங்க” என்பான். அவர் நம்பிக் கொடுப்பார். சாயங்காலம் ஏஜென்சியில் கொண்டுபோய் நீட்டினால், “இது ஜெராக்ஸ் ஆச்சே” என்பார்கள். அன்றைக்கு விற்ற பணமும் போச்சு, சீட்டும் போச்சு, ஏஜென்சிக்குக் கடனும் ஆச்சு. இது நான் கட்டின கதை இல்லை. கேரளப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி.

எதிரணி அம்மா எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாங்காத சீட்டுக்கு 25 லட்சம் விழுந்தது என்று போனில் ஒரு செய்தி வரும். முன்பணம் கட்டச் சொல்வான், கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஆசைதான், அதை உங்க கணக்கிலேயே எழுதிக்கோங்க. (சிரிப்பு) எனக்கு வேண்டியது அந்தப் பஸ் ஸ்டாண்டுக்காரர் மட்டும்தான். அவர் பரிசுக்கு ஆசைப்பட்டு அந்தச் சீட்டை வாங்கவில்லை. வந்தவனுக்கு விழுந்த பரிசை, விழுந்தது என்று நம்பி, தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கண் தெரியாத அந்த மனுஷனுக்கு அதில் என்ன ஆசை இருந்தது? அடுத்து பேச வருகிற அம்மா அதற்கு மட்டும் ஒரு பதில் சொல்லிவிட்டு, அப்புறம் மற்றதைப் பேசட்டும்.

(நீண்ட கைதட்டல்)