பீரங்கிக் குண்டு போட்ட எல்லை: கடலூர், சிதம்பரம் சொத்துவரியின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "நான் வாடகை வீட்ல இருக்கேன், சொத்துவரி பத்தி எனக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. பதில் இதுதான். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்க வாடகைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. இன்னும் வேடிக்கை என்னன்னா, அந்த வரியைக் கணக்கிடும் சூத்திரமே நூறு வருஷமா "வாடகை" என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் ஓடுது. அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது, அதில் வரும் பணம் எங்கே போகிறது என்று கடலூரையும் சிதம்பரத்தையும் வைத்துப் பார்க்கலாம்.

வரி போடணும்னா முதல்ல எல்லை வேணும். கடலூருக்குக் கம்பெனிக்காரர்கள் எல்லை போட்ட விதம் கொஞ்சம் விசேஷம். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். ஒப்பந்தப்படி கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து சுடும் பீரங்கியின் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமான நிலமும் கம்பெனிக்கு. சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் வந்த ஊர்கள் "குண்டு கிராமங்கள்" ஆயின. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று கடலூர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்லும் பெயர்களில் அந்தக் குண்டு அப்படியே உட்கார்ந்திருக்கு.

இதைச் சும்மா சுவாரசியத்துக்காகச் சொல்லலை. யார் எல்லைக்கு உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி இந்தக் கதை முழுக்க வரும்.

அடுத்து, நகராட்சி. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசின் கஜானா காலி. 1860-இல் வருமான வரி கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் இன்னொரு யோசனையும் வந்தது: ஊர்ச் செலவை ஊரே பார்த்துக்கொள்ளட்டும். சென்னை மாகாணத்தில் 1865-இல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி 1866-இல் கடலூர் நகராட்சி ஆனது. 1873-இல் சிதம்பரமும் ஆனது. பெயர் என்னவோ மேம்பாடு. ஆனால் தெருவிளக்கு, துப்புரவு இவற்றோடு போலீஸ் செலவில் ஒரு பங்கும் ஊர்மக்கள் தலையில்தான் விழுந்தது. ஊரே தேர்ந்தெடுக்கும் ஆட்கள் ஊரை நடத்த வேண்டும் என்ற பேச்சு பலமாக வந்தது 1882-இல், ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தோடு. அதாவது வரி முதலில் வந்தது, ஓட்டு பின்னால் வந்தது. இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரி? இது பார்க்கிற அளவுக்கு எளிய கேள்வி இல்லை. வீட்டை விற்றால்தான் அதன் விலை தெரியும். வாடகைக்கு விட்டால்தான் வாடகை தெரியும். சொந்த வீட்டில் குடியிருப்பவரிடம் எதை வைத்துக் கேட்பது? இங்கிலாந்தில் 1696-இல் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள்: ஜன்னலை எண்ணு. ஜன்னல் அதிகமென்றால் பணக்காரன், அதிக வரி. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகளில் நோய்தான் பெருகியது. 1851-இல்தான் அந்த வரி ஒழிந்தது. எதை அளக்கிறாயோ அதை மக்கள் மாற்றுவார்கள். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். எழுதின வரி எண்ணிக்கையை வெச்சுச் சம்பளம் கொடுத்தா, கோடு எப்படி எழுதுவோம்னு நமக்குத் தெரியாதா?

நம்ம ஊர்ச் சட்டம் வேறு வழியில் போனது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் கடலூரையும் சிதம்பரத்தையும் சுமார் நூறு வருடம் ஆண்டது. அதில் "ஆண்டு மதிப்பு" என்று ஒரு கருத்து. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாமோ, அதன் ஓராண்டுத் தொகை. அதில் கட்டடத்துக்கு உரிய பங்கில் மட்டும் 10 சதவீதத்தைப் பழுதுபார்க்கும் செலவுக்காகக் கழிக்க வேண்டும். நிலத்துக்கு உரிய பங்கில் கழிவு கிடையாது. நிலம் ஒழுகாது, காரை பெயராது இல்லையா?

இந்த விதிக்கு ஒரு அழகான தடயம் இருக்கு. சென்னை மாநகராட்சியின் சட்டம் 1919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிலும் இதே 10 சதவீத விதிதான். சென்னையின் சொத்துவரிக் கணக்கில் பல வருஷமா 10.92 என்று ஒரு எண் வரும். மாத வாடகை மதிப்பை அதால் பெருக்கு என்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு எதுக்கு 10.92? பிரிச்சுப் பாருங்க. மாத மதிப்பு 1,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 12,000. அதில் நிலத்தின் பங்கு 10 சதவீதம், 1,200. மீதி 10,800 கட்டடத்துக்கு. அதில் 10 சதவீதம், 1,080 ரூபாய் பழுதுக்காகப் போய்விடும். 12,000-இல் 1,080 போனால் 10,920. அதாவது 1,000 பெருக்கல் 10.92. நூறு வருஷப் பழைய சட்டப் பிரிவு ஒன்று கணினிக்குள் ஒரு எண்ணாகச் சுருங்கிக் கிடந்தது.

இனி சிக்கல். "நியாயமாக எதிர்பார்க்கும் வாடகை" என்றால் யாருடைய நியாயம்? சந்தையில் 5,000 போகும் வீட்டுக்கு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 500 தான் நியாய வாடகை என்றால்? இந்த வழக்கு குண்டூரிலிருந்து வந்தது. குண்டூர் 1953 வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது, அங்கேயும் நம்ம 1920 சட்டம்தான். வரி செலுத்துவோர் சங்கத்துக்கும் நகராட்சிக்கும் இடையிலான அந்த வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகையைத் தாண்டி ஆண்டு மதிப்பைப் போடக் கூடாது. சட்டம் வாங்க விடாத வாடகைக்கு வரி கேட்பது எப்படி நியாயம் என்பது இதிலுள்ள தர்க்கம். சரியான தர்க்கம்தான். ஆனால் விலைவாசி ஏற ஏற, நகராட்சிகளின் வருமானம் பழைய வாடகையிலேயே கட்டிப்போடப்பட்டது. துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் அந்தத் தீர்ப்பு கட்டிப்போடவில்லை.

அதனால்தான் பின்னால் ஊரை மண்டலங்களாகப் பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடும் முறை வந்தது. வீடு எந்தத் தெருவில் இருக்கு, எத்தனை சதுர அடி, ஓடா கான்கிரீட்டா, எத்தனை வயசு, குடியிருப்பா கடையா, இவற்றை வைத்துத்தான் தொகை. நல்ல முறை. ஆனால் அடிப்படை மதிப்பை அவ்வப்போது திருத்தினால்தான் நல்ல முறை. திருத்தினார்களா? 1998-இல் ஒரு பொதுச் சீராய்வு. சென்னை தவிர்த்த நகரங்களில் 2008-இல் ஒன்று. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் 2022 ஏப்ரல். சென்னைக்கு வெளியே உள்ள நகராட்சி, மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய சின்ன வீடு 1,250 கட்டும், அதே 1,000 கட்டிய பெரிய வீடு 2,000 கட்டும். கடைகளுக்கும் 100 சதவீதம். பதினைந்தாவது நிதிக்குழு, சொத்துவரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டிருந்தது.

இங்கே தேதிகளைக் கொஞ்சம் கவனிங்க. தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேலாகக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். 2018 உயர்வு வந்தபோது கேள்வி கேட்க வார்டில் ஆளில்லை. 2022 உயர்வு, ஓட்டுப்போட்டு ஆறு வாரம் ஆவதற்குள் வந்தது. கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது. அதன் 45 கவுன்சிலர்களும் சிதம்பரத்தின் 33 கவுன்சிலர்களும் நாற்காலி சூடாவதற்குள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. வரி முதலில், ஓட்டு பின்னால் என்று சொன்னேனே, அந்தப் பழக்கம் 1866-ஓட போகலை.

இப்ப சிதம்பரத்துக்கு வருவோம். வெளியூர்க்காரர் ஒருத்தர் சிதம்பரத்துக்கு எதுக்கு வருவார்? ஒன்று நடராஜர் கோயில், இல்லையா அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கோயில் ஊரின் நட்டநடுவில் சுமார் 40 ஏக்கர். பொது வழிபாட்டு இடங்களுக்குச் சொத்துவரி இல்லை என்று சட்டமே சொல்கிறது. சத்திரம், தர்ம ஆஸ்பத்திரி, சுடுகாடு, பழைமையான நினைவுச்சின்னங்களுக்கும் 1920 சட்டம் அதேபோல விலக்குக் கொடுத்தது. பல்கலைக்கழகம்? 1929-இல் தொடங்கிய அது இருப்பது அண்ணாமலை நகரில். அது தனிப் பேரூராட்சி. ரயில்வே பாதைக்கு அந்தப் பக்கம் போனால் நகராட்சி எல்லை முடிந்துவிடும். ஆக, 2011 கணக்கெடுப்புப்படி 62,153 பேர் வாழும் ஊர் இது. அதன் இரண்டு பெரிய அடையாளங்களில் ஒன்று விலக்குக்குள், இன்னொன்று எல்லைக்கு வெளியே.

கோயிலுக்கு வரி போடணும்னு நான் சொல்ல வரலை. கோயிலால் ஊருக்கு வருமானமும் உண்டு. நான்கு வீதிகளிலும் உள்ள கடைகளும் லாட்ஜுகளும் வணிக வரிதான் கட்டுகின்றன. ஆனால் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓடி முடிந்த மறுநாள் அந்த வீதிகளில் குவியும் குப்பையை அள்ளுவது நகராட்சி. அந்தச் செலவு சின்ன ஊரின் வீட்டு வரியிலிருந்தே வரணுமா, வந்துபோகும் கூட்டத்தைக் கணக்கில் வைத்து மாநிலம் கூடுதலாகத் தரணுமா? இதுதான் என் கேள்வி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பங்கீட்டில் தேர்க் கூட்டத்துக்கும் ஓர் இடம் வேண்டாமா?

கடலூரில் இதே கதை வேறு உருவத்தில். சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் ஆலைகள் பெரும்பாலும் குடிகாடு மாதிரியான கிராம ஊராட்சிகளில் வருகின்றன. லாரிகளும் வேலையாட்களும் நாற்றமும் ஊருக்குள் வரும், ஆலைக் கட்டட வரி வராது. குண்டு விழுந்த இடம்தான் எல்லை என்று முடிவு செய்த ஊரில், எல்லைப் பிரச்சினை இன்னும் தீரலை.

வந்த பணம் எங்கே போகிறது? சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை, குடிநீர், வடிகால், சாலை. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று நூலக வரி. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம், இந்திய மாகாணங்களில் முதலாவது, சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இப்போது சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கு. நகராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் பல உள்ளாட்சிகள் வசூலித்த தொகையைத் தராமல் வருஷக்கணக்கில் நிலுவை வைத்த செய்திகள் நிறைய வந்திருக்கு. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு நூலகத்தில் புதுப் புத்தகம் இல்லைன்னா, அந்தப் பணம் ஏற்கெனவே யாரோ ஒருவர் கட்டிய ரசீதில் இருக்கு.

இதெல்லாம் கேட்டு என்ன செய்றது? மூணு விஷயம். 2023 ஏப்ரலில் இருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கு, 1920 சட்டம் ஓய்வு பெற்றுவிட்டது. அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்கும் அக்டோபர் 31-க்கும் முன்பு, கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். வீட்டில் பெரியவங்க கிட்ட சொல்லுங்க. இரண்டு, வரி விதிப்பு எண்ணைப் போட்டு ஆன்லைனில் பாருங்க. மண்டலம், சதுர அடி, பயன்பாடு மூணும் சரியா இருக்கான்னு சரிபாருங்க. தப்பாக இருந்தால் திருத்தம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

மூணாவது கொஞ்சம் சிரமம். 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களிலும் கிராமசபை மாதிரி பகுதிசபைக் கூட்டம் தொடங்கியது. உங்க வார்டில் அடுத்தது எப்பன்னு கேளுங்க. போங்க. கவுன்சிலரிடம் இப்படிக் கேளுங்க: "அக்கா, இந்த வருஷம் நம்ம வார்டில் சொத்துவரி எவ்வளவு வசூலாச்சு? நூலகப் பங்கைக் கட்டியாச்சா? நம்ம தெரு வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க?" 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற ஊரில் அந்தக் கடைசிக் கேள்வியை மழைக்கு முன்னாடியே கேட்டுடணும். வாடகைக்கு இருந்தாலும் கேட்கலாம், வாக்காளர் பட்டியலில் உங்க பேர் இருந்தால் போதும்.

கேட்டுட்டு என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் அந்தப் பதில்களை வாசிக்கலாம்.