லோர்ட்ஸில் தலைவர், கொழும்பில் வாக்குமூலம்

லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்காரர் மெரில்போன் கிரிக்கெட் கழகம், சுருக்கமா எம்.சி.சி. 1787இல் தொடங்கினது. கிரிக்கெட் விதிகள் இன்றைக்கும் அவங்க கையிலதான். பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே 1998 வரை இழுத்தடித்த கழகம் அது. 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி, பிரித்தானியர் அல்லாத ஒருவர் முதன்முறையாக அதன் தலைவரானார். ஆள் நம்ம கண்டிக்காரர், குமார் சங்கக்கார.

மாத்தளையில் பிறந்து, கண்டியில் வளர்ந்து, திரினிட்டி கல்லூரியில் படித்தவர். 134 டெஸ்ட், 12,400 ஓட்டங்கள், 38 சதங்கள். இதெல்லாம் உங்களுக்கே மனப்பாடம். ஆனால் அந்த நாற்காலிக்கான பாதை ஓட்டங்களால மட்டும் போடப்பட்டதில்லை என்பது எங்கள் எண்ணம். அது 2011 யூலை 4ஆம் திகதி, அதே லோர்ட்ஸில் அவர் ஆற்றிய கவுட்ரி நினைவுரையில் தொடங்குகிறது. அப்போது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்த வீரர். அந்த மேடையில் ஆடும் வீரர் ஒருவர் பேசியது அதுவே முதல் தடவை.

அந்த உரையில் 1983 வந்தது. கறுப்பு யூலையில் அவருடைய பெற்றோர் தமிழ் நண்பர்களைக் கண்டியிலிருந்த தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள், 35 பேர். குமாருக்கு அப்போது ஐந்து வயது. கூட்டாளிகள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்ததால் நாள் முழுக்க விளையாட்டு, அவருக்கு அது கொண்டாட்டம். பெரியவர்களின் பயம் பிறகுதான் புரிந்ததாம். ஒரு வீட்டின் கதவு திறந்தது என்பதற்காக அந்த யூலையை யாரும் மன்னித்துவிட வேண்டியதில்லை. இருந்தாலும், ஒரு சிங்கள நட்சத்திர வீரர் உலகம் பார்க்கும் மேடையில் அதை மறைக்காமல் சொன்னது சின்ன விஷயமில்லை.

அதே உரையில் 1996 வெற்றிக்குப் பிறகு நம் கிரிக்கெட் நிர்வாகத்தில் புகுந்த அரசியலையும் ஊழலையும் போட்டு உடைத்தார். லோர்ட்ஸில் எழுந்து நின்று கை தட்டினார்கள். கொழும்பில் விளையாட்டுத்துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். அந்த அமைச்சரும் கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்தான்!

எம்.சி.சி. தலைவர் பதவியைப் பெரிதாக ஊதவும் வேண்டாம். தேர்தல் கிடையாது, இருக்கும் தலைவரே அடுத்தவரைப் பெயர் சொல்லுவார், ஒரு வருடம்தான். ஆனாலும் சங்கக்கார அதைச் சும்மா அலங்காரமாக வைத்திருக்கவில்லை. 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணியின் பஸ் மீது நடந்த தாக்குதலில் காயப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 2020 பெப்ரவரியில் எம்.சி.சி. அணிக்குத் தலைமை தாங்கி, அதே லாகூருக்கு 42 வயதில் மட்டையோடு திரும்பிப் போனார். பாகிஸ்தானுக்கு மறுபடி அணிகள் போகலாம் என்று காட்டத்தான் அந்தப் பயணம்.

சில மாதம் கழித்து அதே முன்னாள் அமைச்சர், 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டி விற்கப்பட்டது என்றார். யூலை 2ஆம் திகதி, பதவியிலிருந்த எம்.சி.சி. தலைவர் கொழும்பில் பொலிஸ் விசாரணைப் பிரிவில் ஏறத்தாழ பத்து மணிநேரம் வாக்குமூலம் கொடுத்தார். வெளியே இளைஞர்கள் பதாகையோடு நின்றார்கள். மறுநாளே, ஆதாரம் இல்லையென்று விசாரணை கைவிடப்பட்டது.

கொரோனாவால் அவருடைய பதவிக்காலம் இன்னொரு வருடம் நீண்டது. 2020இல் அவர் தனக்குப் பின் பெயர் சொன்னது கிளேர் கொனரை, கழகத்தின் முதல் பெண் தலைவரை.