சர். ஆசுதோஷ் முகர்ஜியார்

ஆசுதோஷன் என்பது சிவபெருமானுக்குரிய வடமொழித் திருநாமங்களுள் ஒன்று. விரைவில் மகிழ்பவன் என்பது அதன் பொருள். அந்நாமத்தைத் தாங்கி வங்கநாட்டில் வாழ்ந்த சர். ஆசுதோஷ் முகர்ஜியாரோ எளிதில் இணங்குபவரல்லர்; வங்கப் புலி என்றே அந்நாட்டார் அவரை வழங்கினர். நீதிநூற் புலவராய்த் தொடங்கிக் கல்கத்தாச் சர்வகலாசாலையின் தலைமையை ஏற்று, அதனைப் பரீட்சை நடத்தும் காரியாலயமென்னும் நிலையினின்றும் உயர்த்திக் கலையாராய்ச்சிக்கு இருப்பிடமாக்கிய அவரது வரலாறு, சைவ நன்மக்களும் அறிதற்குரியது. அஃது எவ்வாறெனில், அறக்கட்டளை என்பதன் இயல்பை அவர்போல் நூலளவிலும் செயலளவிலும் ஒருங்கே கண்டவர் மிகச் சிலரே.

அவர் 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கங்காபிரசாதர் மருத்துவர். தாயார் ஜகத்தாரிணி அம்மையார். பிரஸிடென்ஸி கலாசாலையிற் பயின்று 1885-ல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். மாணவராயிருக்கும்போதே அவர்தம் கணித ஆராய்ச்சிகள் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வெளிவந்தன. கணிதமே தம் வாழ்வு எனக் கருதியிருந்த அவ்விளைஞருக்கு அத்துறையிலேயே நிலைத்தற்கேற்ற ஆசிரியர் பதவி அக்காலத்திற் கிட்டவில்லை. ஆதலின் நீதிநூலைக் கற்று 1888-ல் வழக்கறிஞராயினார். 1894-ல் நீதிநூலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1898-ல் அவர் தாகூர் நீதிநூற் பேராசிரியராய் நியமிக்கப்பெற்று, இந்தியாவிற் சொத்தை நெடுங்காலம் கட்டிவைத்தலைப் பற்றிய சட்டங் குறித்துச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். இங்கே சிறிது நின்று நோக்குதல் தகும். அப்பேராசிரியர் பதவி பிரசன்னகுமார தாகூர் என்னும் செல்வர் தம் மரணசாசனத்தால் நிறுவியது. அவர் 1868-ல் இறந்தார். கிறிஸ்து சமயம் புக்க தம் ஒரே மகனை விலக்கித் தம் சொத்துக்களை முதலில் தமையனார் மகனுக்கும், பின்னர் அவருக்கு இனிப் பிறக்கவிருக்கும் ஆண்மக்களுக்கும் வழிவழியாகச் செல்லுமாறு அச்சாசனத்தில் எழுதிவைத்தார். வழக்கு இலண்டன் பிரிவிகவுன்ஸில் வரை சென்றது. சாசனம் செய்தவர் இறக்குங்காலத்துப் பிறவாதிருந்தவர்க்குக் கொடுத்த கொடை இந்துதருமப்படி செல்லாதென்றும், புதியதொரு தாயமுறையை ஒருவர் தம் விருப்பத்தால் உண்டாக்குதல் இயலாதென்றும் 1872-ல் தீர்ப்பாயிற்று. ஆகவே தம் குடும்பத்திற்கென்று அவர் வகுத்த நெடும்பிணிப்பு அறுந்தது. கல்விக்கென்று அவர் வைத்த சிறு பகுதியோ அறாது நின்றது! அச்சாசனத்தாற் பிறந்த பீடத்திலேயே அமர்ந்து, அச்சாசனம் எழுப்பிய வினாவையே முகர்ஜியார் ஆராய்ந்தார் என்பது வியப்பன்றோ?

இச்சட்டத்தின் கருத்து எளிது. இறந்தார் கை, இருப்பாரை என்றென்றும் பற்றிநிற்றல் ஆகாது என்பதே அது. ஆயினும் சமயம், கல்வி, மக்கள் நலம் ஆகியவற்றின்பொருட்டுப் பொதுப்பயன் கருதி விடப்பட்ட பொருளை இக்காலவரையறை தடுப்பதில்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்துமாற்றச் சட்டமும் இவ்விலக்கைக் கூறுகின்றது. நம் திருக்கோயிற் கட்டளைகளை நோக்குவார்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

1904-ல் அவர் கல்கத்தா ஹைகோர்ட்டு நீதிபதியாயினார். 1923 வரை அப்பதவியில் இருந்தார். 1920-ல் சிறிதுகாலம் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். 1909-ல் அந்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்த்த வழக்கொன்று சைவர்க்குப் பெரிதும் உரியது. அவ்வமர்வில் முகர்ஜியாரும் ஒருவர். தாம் இறந்தபின் தெய்வத்திருவுருவை நிறுவிப் பூசை நடத்துமாறு ஒருவர் எழுதிவைத்த சாசனம் செல்லுமா என்பது வினா. சாசனம் செய்தவர் இறக்கும்போது அத்திருவுருவம் இல்லாமையின், அது பிறவாதார்க்குச் செய்த கொடையேயாம் என்று தடை கூறப்பட்டது. மனிதர்க்குரிய அவ்விதி தெய்வத்தின்பொருட்டு விடப்பட்ட பொருளைத் தாக்காதென நீதிமன்றம் அத்தடையை விலக்கிற்று. நீதிபதிகள் தத்தம் நூல்வழியே காரணங் காட்டினர். நம் சித்தாந்தத்தை உணர்ந்தார்க்கோ இத்தடை தொடக்கத்திலேயே பிழையெனத் தோன்றும். இனிப் பிறக்கவிருப்போனும் பிறவாதவன். பிறப்பிறப்பில்லாப் பதியும் பிறவாதவன். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. திருவுருவம் அப்பதி எழுந்தருளி அருள்செய்யும் இடமாவதன்றி, அஃது அமைக்கப்பட்ட நாளே அவனுக்குத் தோற்றநாள் ஆமாறில்லை.

நீதிபதியாய் இருந்துகொண்டே 1906-ல் கல்கத்தாச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயினார். அக்காலத்து அப்பதவிக்கு ஊதியமில்லை. 1914 வரை நான்கு முறையும், பின்னர் 1921 முதல் 1923 வரை ஒருமுறையும் அப்பொறுப்பை வகித்தார். 1909-ல் சர்வகலாசாலையின் சட்டக்கல்லூரி தோன்றிற்று. 1914 மார்ச்சில் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குப் பெருநிதி ஈந்த தாரகநாத பாலிதரும் ராசபிகாரி கோஷரும் வழக்கறிஞர்களே. அவர்கள் நிறுவிய பேராசிரியர் பதவிகளுக்கு இந்தியரே உரியர் என்பது கொடையின் விதி. நெடுநாட்கட்டளையின் சட்டத்தை ஆராய்ந்தவர் கையில், நாட்டின் பெருங் கல்விக்கட்டளைகள் இவ்வாறு வந்து சேர்ந்தன.

பாலிதர் பீடத்திற்கு அவர் அழைத்தவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமனார். அரசாங்கக் கணக்கிலாகாவில் மிக்க ஊதியம் பெற்றிருந்த அவர், அதனைத் துறந்து 1917-ல் குறைந்த ஊதியத்திற்கு அங்குச் சென்றார். 1930-ல் நோபெல் பரிசு பெற்றார். 1921-ல் தத்துவப் பேராசிரியராய் இராதாகிருஷ்ணனார் மைசூரினின்றும் அழைக்கப்பெற்றார். தகுதியுடையார் எந்நாட்டவராயினும் கொள்க என்பதே முகர்ஜியார் கொள்கை. தாய்மொழிகளை எம்.ஏ. வகுப்பிற் பாடமாக்கி 1919-ல் அவர் வழிசெய்தமை அந்நாளிற் பலர்க்கு நகைப்பாயிருந்தது. ஆங்கிலத்தையன்றி அறிவுக்கு வாயில் இல்லை என்றிருந்தார் நம் நாட்டிலும் பலர் அன்றோ?

வீட்டிலும் அவர் உறுதி சோதிக்கப்பட்டது. வைதிக ஒழுக்கம் வழுவாத அந்தணராகிய அவர், இளமையிற் கைம்மை எய்திய தம் மகள் கமலாவிற்கு 1908-ல் மறுமணம் செய்வித்தார். சுற்றத்தார் எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. அம்மகளார் 1923-ல் இறந்தபின் அவர் பெயராற் சொற்பொழிவுக் கட்டளையொன்றையும் நிறுவினார்.

அவரிடத்துக் குறைகாண்பார் இலர் எனல் பொருந்தாது. எல்லாவற்றையும் தம் கையில் வைத்துக்கொள்கிறாரென்றும், வருவாய்க்கு மேற் செலவை வளர்த்துவிட்டாரென்றும் சிலர் குறைகூறினர். வரலாற்றறிஞர் யதுநாத சர்க்கார் அவர்களுள் ஒருவர். இரண்டாவது குறை முழுதும் பொய்யன்று. பெருங்கனவு காண்பார்க்கு வரவுசெலவுக் கணக்கு ஒரு தளையாகவே தோன்றுகின்றது.

1922-ல் சர்வகலாசாலை பொருள்முட்டுற்று, ஆசிரியர்க்கு ஊதியம் அளித்தலும் அரிதாயிற்று. அரசாங்கம் இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் தன் ஆணைக்கு உட்படுத்தும் நிபந்தனைகளையும் உடன்வைத்தது. அப்பொருளை ஏற்றல் ஆகாதென்று முகர்ஜியார் செனேட்டுச் சபையில் முழங்கினார். 1923-ல் ஆளுநர் லிட்டன் பிரபு, அரசாங்கத்தோடு ஒத்துழைப்பதாக உறுதி கூறின் மீண்டும் துணைவேந்தராக்குவதாக எழுதினார். முகர்ஜியார் அதனைக் கடுஞ்சொற்களால் மறுத்துப் பதவியினின்றும் நீங்கினார். நிதியை இழத்தலினும் உரிமையை இழத்தல் கொடிதென அவர் கண்டார். மடங்களும் கோயில்களும் பிறர் ஆணைக்குட்பட்டு நிற்கும் இடர்ப்பாட்டை அறிந்த நமக்கு அவர் மனநிலையை உணர்தல் அரிதன்று.

அவர் 1898-ல் அமர்ந்த தாகூர் பீடத்தை 1920-ல் அணிசெய்தவர் நம் நெல்லை கா. சுப்பிரமணிய பிள்ளையவர்கள், எம்.ஏ., எம்.எல். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் குற்றவியலின் தத்துவம். அவர்களும் நீதிநூலினின்றும் கல்விக்கழகத்திற்குத் திரும்பி, அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்து, சித்தாந்த நூல்களுக்குச் செய்த தொண்டை இப்பத்திரிகையின் அன்பர்கள் நன்கறிவர். பிரசன்னகுமார தாகூர் எழுதிய அச்சாசனம் வங்கநாட்டார் ஒருவரையும் பொருநைக்கரைத் தமிழர் ஒருவரையும் ஒரே இருக்கையில் அமர்த்திற்று.

ஹைகோர்ட்டினின்றும் ஓய்வுபெற்றபின் முகர்ஜியார் மீண்டும் வழக்கறிஞராகி, தும்ராவ் ஜமீன் வழக்கொன்றை நடத்தப் பாட்னா சென்றார். அங்கே 1924 மே 25-ஆம் நாள், தம் அறுபதாண்டு நிறைவதற்கு ஒரு மாதம் முன்னர், சிவபதம் எய்தினார். அவர் திருமேனி கல்கத்தாவிற்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே தகனம் செய்யப்பட்டது.